பெர்கின்ஸ் அம்மையார் எழுதிய பட்டியல்

அமெரிக்காவில் காலமெல்லாம் கூலிக்கு உழைத்து ஓய்ந்தவர்களுக்கு மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது. வேலை பறிபோனால், அடுத்த வேலை கிடைக்கும்வரை சில மாதங்களுக்கு உதவித்தொகை வருகிறது. ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. இதெல்லாம் அந்த நாட்டில் ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1930-களில்தான் வந்தது. வருவதற்கு முன்நின்று பாடுபட்டவர் ஒரு பெண். பெயர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர்தான்.

1880 ஏப்ரல் 10-ம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்ற ஊரில். அப்பா எழுதுபொருள் கடை வைத்திருந்தார். பூர்வீகம் மெயின் மாநிலத்தில் நியூகாசில் என்ற சின்ன ஊர். அங்கே குடும்பத்துக்குச் செங்கல் சூளை இருந்த காலம் உண்டு. வசதிக்குக் குறைவில்லாத, கட்டுப்பாடான குடும்பம். குடிப்பதாலும் சோம்பேறித்தனத்தாலும்தான் மனிதர்கள் ஏழையாகிறார்கள் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் அப்படியே நம்பியிருந்தது.

மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தார். அங்கே பொருளாதார வரலாறு நடத்திய ஆசிரியை ஒருவர், மாணவிகளைப் பக்கத்து ஊர் மில்களுக்குக் கூட்டிப்போய்த் தொழிலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னார். அங்கேதான் பெர்கின்ஸுக்குக் கண் திறந்தது. ஒழுக்கமாக, குடிப்பழக்கம் இல்லாமல் உழைக்கும் குடும்பத்தில் ஒருத்தருக்கு மெஷினில் கை போய்விட்டால், அன்றோடு அந்தக் குடும்பம் தெருவுக்கு வந்துவிடுகிறது. இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? 1902-ல் பட்டம் வாங்கியபோது அந்தக் கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

சில வருஷம் பள்ளிக்கூட ஆசிரியை. சிகாகோவில் ஏழைகள் நடுவே தங்கிச் சேவை செய்யும் ஹல் ஹவுஸ் இல்லத்தில் கொஞ்ச காலம். பிறகு பிலடெல்பியா. பிழைப்பு தேடி ரயிலிலும் கப்பலிலும் வந்து இறங்கும் இளம்பெண்களிடம் வேலை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, பணத்தைப் பிடுங்கித் தப்பான இடத்தில் தள்ளிவிடும் புரோக்கர்கள் அங்கே நிறைய. அவர்களைத் துப்பறிவதுதான் பெர்கின்ஸின் வேலை. ஒரு மழை ராத்திரியில் அந்த ஆட்களே அவரைப் பின்தொடர்ந்து வந்தபோது, சட்டென்று திரும்பிக் குடையை நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். ஓடிப்போனார்கள். அந்த வேலைக்கு நடுவிலேயே பொருளாதாரமும் படித்தார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1910-ல் முதுகலைப் பட்டம். அதற்கு அவர் எடுத்த ஆய்வு, பள்ளிக்கூடத்துக்குச் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளைப் பற்றி.

அதே வருஷம் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தில் செயலாளர் ஆனார். அந்தச் சங்கத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சாமான் வாங்குகிற பெண்கள் சேர்ந்து நடத்தியது அது. வேலையாட்களை ஒழுங்காக நடத்தும் கடையில்தான் வாங்குவோம், மற்ற கடைக்குப் போகமாட்டோம் என்று கூடி முடிவெடுத்தவர்கள்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. சாயங்காலம் பெர்கின்ஸ் ஒரு தோழி வீட்டில் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பக்கத்தில் பத்து மாடிக் கட்டடம். அதன் எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில் டிரையாங்கிள் என்ற தையல் கம்பெனி. பெண்கள் போடும் மேல்சட்டை தைக்கிற இடம். வேலை முடிகிற நேரத்தில் தீப்பிடித்துவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போய்விடுவார்கள், வெளியே போகும்போது பையைச் சோதிக்க வேண்டும் என்பதற்காகப் பூட்டி வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். வெளிப்பக்க இரும்பு ஏணி, பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டியது. ஜன்னல் விளிம்பில் நின்ற பெண்கள், பின்னால் நெருப்பு, முன்னால் ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கீழே பிடித்த வலை கிழிந்துபோனது. செத்தவர்கள் 146 பேர். அதில் 123 பேர் பெண்கள். பதினாறு, பதினெட்டு, இருபது வயசு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த யூத, இத்தாலியப் பெண்கள். இரண்டு வருஷம் முன்புதான் இந்தத் தொழிலில் உள்ள பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்.

பெர்கின்ஸ் கீழே தெருவில் நின்று அதைப் பார்த்தார். முதலாளிகள் மேல் வழக்கு நடந்து, அவர்கள் விடுதலை ஆனார்கள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஒரு உயிருக்கு 75 டாலர் கிடைத்தது, அதுவும் 1914-ல்.

இந்த இடத்தில் நம்ம மாதிரி ஆட்கள் என்ன செய்வோம்? அழுவோம், கோபப்படுவோம், ஒரு ஊர்வலம் போவோம். நியூயார்க்கிலும் அதெல்லாம் நடந்தது. பெர்கின்ஸ் கூடவே இன்னொன்றும் செய்தார். சட்டம் போடுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். மாநில அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் என்ற இரண்டு அரசியல்வாதிகள் அதற்குத் தலைவரும் துணைத் தலைவரும். பெர்கின்ஸ் அந்தக் குழுவுக்கு உதவியாக வேலை பார்த்தார். அவசர வழி என்று ஒரு கம்பெனி காட்டிய சின்னப் பொந்து வழியாக வாக்னரையே ஊர்ந்து போகச் சொன்னார். வெளியே தலையை நீட்டினால் பனி உறைந்த ஒரு குச்சி ஏணி, அதுவும் தரைக்குப் பல அடி மேலேயே முடிந்துவிட்டது. ராத்திரி ஷிப்ட் பத்து மணி நேரம் முடித்து, விடியற்காலையில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும் பெண்களை ஆல் ஸ்மித்தை நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்னார். அறிக்கையில் நூறு பக்கம் எழுதினால் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். கண்ணால் பார்த்தவன் மறக்கமாட்டான். அடுத்த சில வருஷங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீயணைப்புப் பயிற்சி நடத்த வேண்டும், கூரையிலிருந்து தண்ணீர் பீச்சும் குழாய் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்ததுதான்.

இதே சமயத்தில் இன்னொரு சட்டத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். பெண்களுக்கு வாரம் 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டம். 1912-ல் சபை முடியப்போகிற நேரத்தில் எதிராளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். பழம், காய்கறியை டப்பாவில் அடைக்கும் கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் கம்பெனிப் பெண்களை விட்டுக்கொடுக்க இந்தம்மா சம்மதிக்கமாட்டார், மசோதா அப்படியே செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பெர்கின்ஸ் சரி என்றார். சங்கத்துப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருந்தும் சரி என்றார். கடைசி நேரத்தில் இரண்டு ஓட்டுக் குறைந்தது. ஊருக்குப் படகு ஏறப்போன சல்லிவன் என்ற அரசியல்வாதியையும் அவர் உறவினரையும் திருப்பிக் கூட்டிவர வைத்து, மூச்சிறைக்க ஓடிவந்து ஓட்டுப் போட வைத்தார். சட்டம் நிறைவேறியது. லட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை நேரம் குறைந்தது. டப்பா கம்பெனிப் பெண்கள் அன்றைக்கு வெளியே நின்றார்கள்.

இந்தச் சம்பவத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தம்மா வாழ்க்கையில் இது திரும்பவும் வரும், இன்னும் பெரிசாக.

நடுவில் ஒரு வேடிக்கை. ஒரு அரசியல்வாதி அவரிடம் தன் மனக்கவலையைக் கொட்டி, அம்மாவைப் பற்றிப் பேசிக் கண்கலங்கினார். அதைப் பார்த்து பெர்கின்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். பொதுவாழ்க்கையில் உள்ள பெண்ணை இந்த ஆண்கள் மதிக்க வேண்டுமென்றால், அவர்களுக்குத் தங்கள் அம்மா ஞாபகம் வர வேண்டும். அன்றிலிருந்து கறுப்பு கவுன், முத்துமாலை, மூன்று முனைத் தொப்பி. அப்போது வயசு 33-தான். ஆண்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று தனியாகக் குறிப்பு எழுதி, ஒரு சிவப்பு உறையில் போட்டு வைத்திருந்தாராம். அந்த உறை நம்ம கையில் கிடைத்தால் நமக்கும் உபயோகப்படும்.

1913-ல் பால் வில்சன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வேலையில் தன் பெயரையே வைத்துக்கொண்டார். 1916 டிசம்பரில் மகள் சுசானா பிறந்தாள். கொஞ்ச நாளில் கணவருக்கு மனநோய் வந்தது. சில காலம் வீடு, சில காலம் ஆஸ்பத்திரி என்று 1952-ல் அவர் இறக்கும்வரை அப்படியே போனது. வீட்டுச் செலவு, வைத்தியச் செலவு, மகள் படிப்பு எல்லாம் பெர்கின்ஸ் சம்பளத்தில்தான். வெளியே யாரிடமும் இதைப் பேசமாட்டார். பத்திரிகைக்காரர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பிடிகொடுக்கமாட்டார். திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கினார். உண்மை காரணம் பலருக்குத் தெரியாது.

1919-ல் ஆல் ஸ்மித் நியூயார்க் கவர்னர் ஆனதும், மாநிலத் தொழில் ஆணையத்தில் அவரை உறுப்பினராகப் போட்டார். சம்பளம் வருஷத்துக்கு 8,000 டாலர். அந்த ஆணையத்தில் முதல் பெண். 1929-ல் அடுத்த கவர்னர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மாநிலத் தொழில் துறைக்கே அவரைத் தலைமை அதிகாரி ஆக்கினார். அந்த வருஷக் கடைசியில் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடினார்கள். 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர், வேலைவாய்ப்பு கூடிவிட்டது என்று அறிவித்தார். பெர்கின்ஸ் கையில் நியூயார்க் ஆலைகளின் கணக்கு இருந்தது. அது இறங்கிக்கொண்டு போனது. கணக்கைச் சரிபார்த்து, ஜனாதிபதி சொன்னது தப்பு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். கவர்னரைக்கூடக் கேட்கவில்லை. பிறகுதான் பயம் வந்தது. ரூஸ்வெல்ட் கோபித்துக்கொள்ளவில்லை, சந்தோஷப்பட்டார்.

கணக்கு நோட்டு சரியாக வைத்திருக்கிற பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆள் முன்னாலும் பேச வாய் வரும். இது நமக்குப் புதுசு இல்லை.

1933 பிப்ரவரி. ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவி ஏற்கப் போகிறார். நாட்டில் நாலு தொழிலாளிக்கு ஒருத்தருக்கு வேலை இல்லை. சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறது. தொழிலாளர் துறைக்கு அமைச்சராக வர முடியுமா என்று பெர்கின்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தம்மா கையில் ஒரு தாள் வைத்திருந்தார். வேலையில்லாதவர்களுக்கு நிவாரணம், வேலை நேரத்துக்கு வரம்பு, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலுக்குத் தடை, வேலை இழந்தால் காப்பீடு, வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு, முதியோர் பென்ஷன், மருத்துவக் காப்பீடு. இதெல்லாம் செய்ய விடுவதாக இருந்தால் வருகிறேன், விருப்பமில்லை என்றால் என்னைப் போடாதீர்கள் என்று சொன்னார். பாதி விஷயம் சட்டப்படி செல்லுமா என்றே தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ரூஸ்வெல்ட் ஒத்துக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவர்கள் எங்களில் ஒருத்தர் இல்லை, அதுவும் பெண் என்று எதிர்த்தார்கள். மார்ச் 4-ம் தேதி பதவி ஏற்றார். அலுவலகத்துக்குப் போனால் மேஜை முழுக்கக் கரப்பான்பூச்சி. முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்தார்.

1934 ஜூனில் பொருளாதாரப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஜனாதிபதி அமைத்தார். பெர்கின்ஸ் தலைவர். நிதி, விவசாயம், சட்டம் என்று மற்ற துறைப் பெரிய ஆட்கள் உறுப்பினர்கள். சட்டம் எந்த வழியில் எழுதினால் கோர்ட்டில் நிற்கும் என்பதுதான் பெரிய தலைவலி. ஒரு வீட்டுத் தேநீர் விருந்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோன் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பெர்கின்ஸ் தன் கவலையைச் சொன்னார். வரி போடும் அதிகாரத்தை வைத்து எழுதினால் நிற்கும் என்று நீதிபதி காதோடு சொன்னார். வழி கிடைத்துவிட்டது.

அப்படியும் குழு ஒரு முடிவுக்கு வரவில்லை. இழுத்துக்கொண்டே போனது. டிசம்பர் கடைசியில் பெர்கின்ஸ் எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். தொலைபேசி இணைப்பை எடுத்துவிட்டார். மேஜைமேல் ஒரு விஸ்கி பாட்டிலை வைத்து, முடிவு எடுக்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்றார். விடியற்காலை ஆகிவிட்டது, முடிவும் ஆகிவிட்டது. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துக்கு விஸ்கி ஒத்துவராது. போனை அணைத்து வைக்கிற யோசனையைப் பரிசீலிக்கலாம்.

திட்டம் இதுதான். தொழிலாளி கூலியில் நூற்றுக்கு ஒன்று, முதலாளி நூற்றுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து பொது நிதிக்குப் போகும். 65 வயசானால் மாதாமாதம் பென்ஷன். பிச்சை இல்லை, கட்டின பணத்துக்கு உரிமை. வேலை இழந்தோருக்குக் காப்பீடு தனி. ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கும், பார்வையற்றோருக்கும், கர்ப்பிணி, குழந்தை நலத்துக்கும் தனித்தனியாக நிதி.

1935 ஆகஸ்ட் 14-ம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அந்தப் புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் பெர்கின்ஸ் நிற்கிறார். சிரிப்பு இல்லை. கணவர் தங்கியிருந்த வைத்திய விடுதியிலிருந்து காணாமல் போய்விட்டார் என்று அன்றைக்குத்தான் சேதி வந்திருந்தது. கையெழுத்து முடிந்ததும் ரயில் ஏறி நியூயார்க் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்.

முதல் மாதப் பென்ஷன் 1940 ஜனவரியில் வந்தது. வாங்கியவர் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் என்ற பெண்மணி, வக்கீல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 22 டாலர் 54 சென்ட். மூணு வருஷத்தில் அவர் கட்டியது மொத்தமே 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயசு வரை இருந்து வாங்கினார்.

இப்போது சொல்ல மனசு வராத பகுதி. இந்தச் சட்டத்தில் விவசாயக் கூலிகள் இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்கள் இல்லை. பெர்கின்ஸ் குழு கொடுத்த அறிக்கையில் இருந்தார்கள். வயலிலும் வீட்டிலும் வேலை செய்கிறவர்களிடம் பிடித்தம் செய்து வசூலிப்பது சிரமம் என்று நிதி அமைச்சர் சொன்னார். நாடாளுமன்றம் அவர்களை நீக்கிவிட்டது. தென் மாநில உறுப்பினர்களுக்குக் கறுப்பின மக்கள் கையில் பணம் போவதில் விருப்பமில்லை என்பதும் ஒரு காரணம் என்று வரலாறு எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியே போனார்கள். மருத்துவக் காப்பீடும் போனது. டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்ததால், அதைச் சேர்த்தால் முழுச் சட்டமும் கவிழும் என்று விட்டுவிட்டார்கள்.

டப்பா கம்பெனிக் கதைதான் மறுபடியும். பெர்கின்ஸ் கிடைத்ததை வாங்கிக்கொண்டார். முழுசாகக் கேட்டு நின்றிருந்தால் ஐடா மே புல்லருக்கும் ஒன்றும் வந்திருக்காது என்பது உண்மை. களையெடுத்தவளும் பாத்திரம் தேய்த்தவளும் அடுத்த பதினஞ்சு வருஷம் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. 1950-ல்தான் அவர்களில் நிரந்தர வேலையில் இருந்தவர்களைச் சேர்த்தார்கள், 1954-ல் இன்னும் பலரை. அதற்குள் வயசாகி இறந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? நம் குழுக்களில் பாதிப் பேர் வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்கிறவர்கள். அதனால் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தம்மா செய்தது தப்பு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

1938 ஜூன் 25-ல் கூலிச் சட்டம். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. வாரம் 44 மணி நேரம் என்று தொடங்கி இரண்டு வருஷத்தில் 40. 16 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது. இதிலும் அதே இரண்டு கூட்டத்தார் வெளியே. விவசாயத் தொழிலாளர் சிலருக்கு 1966-ல் கிடைத்தது, வீட்டு வேலையாட்களுக்கு 1974-ல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் 1934-ல் அமெரிக்காவைச் சேர வைத்ததிலும் பெர்கின்ஸுக்குப் பெரிய பங்கு. இந்தியா அதில் 1919-லிருந்தே உறுப்பினர்.

இவ்வளவு செய்தவருக்குப் பூமாலை போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1934-ல் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் பெரிய வேலைநிறுத்தம். பட்டாளத்தை அனுப்பலாம் என்று மற்ற அமைச்சர்கள் கிளம்பியபோது இவர் தடுத்தார். அந்தப் போராட்டத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவரை நாடு கடத்தச் சொன்னார்கள். ஆதாரம் போதாமல் செய்யமாட்டேன் என்றார். உடனே இவரே கம்யூனிஸ்ட், வெளிநாட்டுக்காரி, பெயரை மாற்றிக்கொண்டு வந்தவள் என்று வதந்தி கிளப்பினார்கள். பிறந்த ஊர், பெற்றோர், கல்யாணம் எல்லாவற்றையும் எழுதிப் பகிரங்கமாகப் பதில் கொடுக்க வேண்டியதாயிற்று. 1939 ஜனவரியில் பதவி நீக்கத் தீர்மானமே கொண்டுவந்தார்கள். விசாரணைக் குழு முன் போய் நிதானமாகப் பதில் சொன்னார். நீக்க முகாந்திரம் இல்லை என்று மார்ச்சில் குழு முடிவு சொன்னது.

1945 வரை, பன்னிரண்டு வருஷம் அமைச்சர். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. ரூஸ்வெல்ட் இறந்த பிறகு விலகினார். அடுத்த ஜனாதிபதி ட்ரூமன், அரசு ஊழியர்களைத் தேர்ந்தெடுக்கும் சிவில் சர்வீஸ் கமிஷனில் அவரை உறுப்பினராகப் போட்டார். 1953 வரை அங்கே. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியை. எண்பது வயசில் மாணவர்கள் தங்கள் விடுதியிலேயே வந்து தங்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வயசுப் பையன்களோடு சந்தோஷமாகப் போய்த் தங்கினார். வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறைத் தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு 1980-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

1965 மே 14-ம் தேதி, 85-ம் வயதில் நியூயார்க்கில் காலமானார். பூர்வீக ஊரான நியூகாசிலில் அடக்கம் செய்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, ஜூலை 30-ம் தேதி, 65 வயது தாண்டிய எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் மெடிகேர் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். 1933-ல் எழுதிக் கொண்டுபோன அந்தத் தாளில் கடைசிவரை பாக்கியாக நின்றது மருத்துவக் காப்பீடுதான்.